எதிர்வீட்டு ஜன்னல் உடைந்தால் யார் காசு கொடுப்பது?

தெருவில் கிரிக்கெட். பந்து எதிர்வீட்டு ஜன்னலில் பட்டுக் கண்ணாடி நொறுங்குகிறது. பெரும்பாலும் அப்பா முதுகில் இரண்டு வைப்பார், அம்மா போய் மன்னிப்புக் கேட்டுக் காசும் கொடுத்துவிட்டு வருவார். பையன் அழுதுவிட்டுத் தூங்கிப்போவான். அடி வாங்கியதோடு அவன் கணக்கு தீர்ந்தது. கண்ணாடி பெரியவர்கள் சமாச்சாரம் ஆகிவிட்டது.

எட்டு வயது தாண்டிய பிள்ளை என்றால் அந்த வேலையை அவனிடமே கொடுக்க வேண்டும். செய்த காரியத்தோடு நேரடித் தொடர்புள்ள விளைவைத்தான் பிள்ளை சந்திக்க வேண்டும் என்று உளவியல் மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ் வலியுறுத்தினார். கண்ணாடி உடைத்ததற்கு டிவியை நிறுத்துவது இதில் சேராது.

முதல் பத்து நிமிடம் யாரும் கத்த வேண்டாம். கண்ணாடித் துண்டுகளைப் பெரியவர்கள்தான் அள்ள வேண்டும். துடைப்பம், முறம், பழைய பேப்பர் கொண்டுவருவது அவன் வேலை. "நீதானே உடைச்சே?" என்று, விடை தெரிந்துகொண்டே கேட்காதீர்கள். பொய் சொல்ல நாமே வழிவிடும் கேள்வி அது. "உன் பந்து பட்டுத்தான் உடைஞ்சதுன்னு தெரியும், இப்ப என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

பிறகு எதிர்வீட்டுக்கு. என்ன சொல்வது என்று வீட்டிலேயே ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்: "என் பந்து பட்டு உடைஞ்சிடுச்சு ஆன்ட்டி. மன்னிச்சிடுங்க. மாத்த எவ்வளவு ஆகும்?" நீங்கள் கூடப் போகலாம், ஆனால் ஓரடி பின்னால், வாயைத் திறக்காமல். இதுதான் பெற்றோருக்குக் கஷ்டமான கட்டம். பிள்ளை திணறினால் நாமே பேசி முடித்துவிடுவோம். அங்கேயே முயற்சி வீணாகிவிடும்.

"பரவாயில்லப்பா, சின்னப் பசங்கதானே" என்று அவர்கள் காசை மறுத்தால்? நம்மூரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். அப்போது ஒரு வாரம் அவர்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போல ஒரு வேலையை அவனே கேட்டு வாங்கட்டும்.

காசு வாங்கினால், முழுத் தொகையையும் அவன் தலையில் கட்ட வேண்டாம். கண்ணாடி 600 ரூபாய், வாரக் கைச்செலவு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 25 வீதம் ஆறு வாரம், 150 ரூபாய் அவன் பங்கு. மீதி உங்களுடையது. 600-ஐயும் பிடித்தால், கைச்செலவு மொத்தத்தையும் நிறுத்தினாலும் பன்னிரண்டு வாரம் ஆகும். பாதியிலேயே காரணம் மறந்து உங்கள்மேல் கோபம் மட்டும் மிஞ்சும். பிரிட்ஜ் கதவில் ஆறு கட்டம் போட்ட தாளை ஒட்டி, ஒவ்வொரு வாரமும் அவனே டிக் அடிக்கட்டும்.

இது உடையும் இடம் பாட்டியின் சுருக்குப்பை. மூன்றாவது வாரம் ரகசியமாக நூறு ரூபாய் கைமாறும். முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள்: "வேற எதுக்கு வேணும்னாலும் குடுங்கம்மா, இதுக்கு மட்டும் வேண்டாம்."

மூன்று வயதுக்குக் கீழே இதெல்லாம் எடுபடாது. நான்கைந்து வயதில் பால் கொட்டினால் துணியைக் கையில் கொடுத்தால் போதும். அவன் துடைத்து முடித்ததும் நாம் இன்னொரு முறை துடைக்க வேண்டியிருக்கும், அதை அவன் கண்ணெதிரே செய்யாதீர்கள்.

அடியைப் பற்றி. பள்ளியில் உடல்ரீதியான தண்டனையை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் தடை செய்கிறது. வீட்டிலும் அடிக்க வேண்டாம், அவமானப்படுத்தும் சொற்களும் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-இல் சொன்னது. இரண்டாவதை நாம் அதிகம் மீறுகிறோம். ஆறாவது டிக் விழுந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள். ஊரிலிருந்து வரும் அத்தையிடம் அந்தக் கதையை அவன் முன்னால் எடுக்க வேண்டாம்.

பந்தைப் பிடுங்கி வைக்கவும் தேவையில்லை. ஸ்டம்பை எங்கே நட்டால், எந்தப் பக்கம் பார்த்து அடித்தால் ஜன்னல் தப்பும் என்பதை அவனும் கூட்டாளிகளும் முடிவு செய்துவிட்டு வந்து சொல்லட்டும். அதுவரை ஆட்டம் கிடையாது.