பென்ட்ரைவில் ஒரு விண்டோஸ், அதற்கு ஒரு லைசன்ஸ் கடதாசி

பழுதான ஹார்ட் டிஸ்க்கில் இருந்து டேட்டா எடுத்துக் கொடுப்பது எனக்குப் பழகிய வேலை. கடை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட என்பதால் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பிள்ளைகள்தான் வருவார்கள். கோப்பு கிடைத்தால் போதும், லைசன்ஸ் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இந்த முறை வந்தது ஓர் அலுவலகம். "எங்கட மெஷினில நீங்கள் போடுற ஒவ்வொண்டுக்கும் லைசன்ஸ் கடதாசி வேணும், ஓடிற்றுக்கு (கணக்காய்வுக்கு) நாங்கள்தான் பதில் சொல்ல வேணும்" என்றார்கள். கேட்டது நியாயம்தான். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

வாடிக்கையாளரின் மெஷினைப் பென்ட்ரைவில் இருந்தே இயக்கி வேலை செய்ய, அதில் முழு விண்டோஸ் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று கொழும்பில் ஒரு விற்பனையாளரிடம் கேட்டேன். "ப்ரோ கீ ஒண்டு எடுங்கோ சேர், எந்த மெஷினிலயும் ஓட்டலாம்" என்றார். ஓட்டலாம்தான். பென்ட்ரைவை பூட் ஆகும்படி தயாராக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருளில் 'விண்டோஸ் டு கோ' என்ற தெரிவு இப்போதும் இருக்கிறது, சில நிமிட வேலை. ஆனால் விண்டோஸ் டு கோ என்பது விண்டோஸ் 8 காலத்தில் என்டர்பிரைஸ் பதிப்புக்கென்று வந்த, பென்ட்ரைவில் இருந்தே விண்டோஸை ஓட்டும் வசதி. 2020 மே மாதம் வெளியான, விண்டோஸ் 10 இன் '2004' என்ற இலக்கமுள்ள பதிப்போடு மைக்ரோசொப்ட்டே அதை எடுத்துவிட்டது. சாதாரண ப்ரோ லைசன்ஸ் ஒரு மெஷினுக்கு உரியது. இன்றைக்கு ஒருவர் மெஷின், நாளைக்கு இன்னொருவர் மெஷின் என்று கொண்டு திரிய அதில் இடமில்லை. மடிக்கணினியோடு வரும் லைசன்ஸ் அந்த மடிக்கணினியை விட்டு அசையவே அசையாது. இதையெல்லாம் நான் சொல்ல, அவர் "ஆர் சேர் இதையெல்லாம் பாக்கினம்?" என்று சிரித்தார். பார்க்கத்தானே அந்த அலுவலகம் காத்திருக்கிறது!

அடுத்தது விண்டோஸ் பி.ஈ., அதாவது பென்ட்ரைவில் இருந்தே ஓடும் ஒரு சின்ன விண்டோஸ். இது இலவசம். கணினிகளில் விண்டோஸை நிறுவவும் மீட்பு வேலைக்கும் மட்டும் பாவிக்கலாம் என்பது நிபந்தனை, ஆகவே நமக்குப் பொருந்தும். ஒரு சிக்கல்: தொடர்ந்து 72 மணித்தியாலம் ஓடினால் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். அதை மாற்ற வழியில்லை. பேட் செக்டர் (வாசிக்க முடியாத பகுதி) நிறைந்த டிஸ்க்கைப் பிரதி எடுப்பவர்களுக்குத் தெரியும், 72 மணித்தியாலம் சில வேளை பாதி வழிக்கே காணாது.

பி.ஈ. இருந்தாலும் உள்ளே ஒரு ரிக்கவரி மென்பொருள் வேண்டும். வீட்டுப் பாவனை லைசன்ஸை வைத்து வாடிக்கையாளரிடம் காசு வாங்க முடியாது, டெக்னீஷியன் லைசன்ஸ்தான் எடுக்க வேண்டும். அதே விற்பனையாளர் எல்லாம் சேர்த்து ஒரு பென்ட்ரைவில் தருவதாகவும் நேரில் வந்துதான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். இரவு பஸ் ஏறிப் போய் வாங்கி, அடுத்த இரவு பஸ்ஸில் திரும்பினேன்.

கடையில் செருகினால் அக்டிவேட் ஆகவில்லை. அந்த மென்பொருள் லைசன்ஸை பென்ட்ரைவின் சீரியல் இலக்கத்தோடு பிணைக்கிறது. அவர் தந்த பென்ட்ரைவுக்கோ அப்படித் தனி இலக்கமே இல்லை. மலிவான பென்ட்ரைவ்களில் இது சாதாரணம். டிவைஸ் மனேஜரில் பென்ட்ரைவின் 'டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்' என்பதைத் திறந்து, கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். அங்கே இரண்டாவது எழுத்து '&' என்றால் தனி சீரியல் இல்லை, விண்டோஸ் தானாக ஒன்றைப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். காசு கொடுக்க முதல், விற்பவரின் கடையிலேயே செருகி அக்டிவேட் செய்து காட்டச் சொல்லுங்கள்.

போன் எடுத்தால் "அது உங்கட விண்டோஸ் பிழை சேர்" என்றார். அப்புறம் போனையே எடுப்பதில்லை. அவர் தந்த பில்லையாவது காட்டலாம் என்று அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அதில் இருந்தது 'சொப்ட்வெயார் – 1' என்ற ஒரே வரி. முகாமைத்துவ உதவியாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில என்ன சொப்ட்வெயார் எண்டும் இல்லை, உங்கட கடைப் பேரும் இல்லையே" என்றார். பில்லில் மென்பொருளின் பெயர், பதிப்பு, லைசன்ஸ் வகை, யார் பெயருக்கு என்ற நான்கும் இல்லாவிட்டால் வாங்காமலே வாருங்கள்.

கடைசியில் சிஸ்டம்ரெஸ்கியூ, பென்ட்ரைவில் இருந்தே ஓடும் ஒரு லினக்ஸ். பழுதான டிஸ்க்கைப் பிரதி எடுக்கும் டிடிரெஸ்கியூ, தொலைந்ததை மீட்கும் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. அலுவலகத்தில் அதே மேசை, அதே ஆள்: "பில் எங்க?" இலவசம் என்றேன். "சும்மா தாற சாமானுக்கு என்னெண்டு நாங்கள் கையெழுத்து வைக்கிறது?"

1991 இல் வந்த ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பை முழுதாக பிரின்ட் எடுத்தேன். டெஸ்ட்டிஸ்க்கும் டிடிரெஸ்கியூவும் அந்த உரிமத்துக்குள் வருபவை. அதன் பூச்சிய இலக்கப் பிரிவில், நிரலை இயக்குவதற்கு எந்தத் தடையும் இல்லை என்று ஒரு வசனம் இருக்கிறது. அதை மஞ்சள் பேனையால் கீறினேன். கூடவே கடை லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம்: எந்தெந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தப் பென்ட்ரைவ், அதன் சீரியல் இலக்கம். இந்த முறை சீரியல் உள்ள பென்ட்ரைவ்! உள்ளே இருந்த பெரியவர் மஞ்சள் வரியை மட்டும் வாசித்துவிட்டு முத்திரை குத்தினார். பில் கேட்டவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வேலை பிரச்சினையில்லாமல் முடிந்தது: முதலில் டிடிரெஸ்கியூவால் வேறு டிஸ்க்குக்குப் பிரதி, பிறகு பிரதியில் மட்டும் டெஸ்ட்டிஸ்க். மெஷினில் செக்யூர் பூட் என்ற, அங்கீகாரம் இல்லாத சிஸ்டத்தை பூட் ஆக விடாத பாதுகாப்பை நிறுத்த வேண்டியிருந்தது. பிட்லொக்கர் (டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட மெஷின் என்றால் அதில் கை வைக்க முதல் 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எந்த லைசன்ஸும் உதவாது.

கொழும்புக்காரர் காசைத் திருப்பித் தருவதாக ஒரு மெசேஜ் போட்டிருக்கிறார். இன்னும் வரவில்லை.