நீங்க படிச்சீங்களே அக்கா

"நீங்க இங்க எம்பிஏ படிச்சுதானே மேல வந்தீங்க, எனக்கு மட்டும் ஏன் வேண்டாங்கிறீங்க?" இங்கே கனடாவில் எங்கள் டீமில் கான்ட்ராக்டில் சேர்ந்திருக்கும் தம்பி, லஞ்ச் ரூமில் மைக்ரோவேவ் வரிசையில் நின்றபடி கேட்டான். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். எனக்குத்தான் அது மனசை விட்டுப் போகவில்லை.

கோயம்புத்தூரில் எம்பிஏ முடித்துவிட்டு, தனியார் வங்கி ஒன்றில் தொழில் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் திட்டத்துக்காகப் பட்டத்தை, வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் டபிள்யூஇஎஸ் நிறுவனத்தில் மதிப்பிட்டு வாங்கியிருக்கிறான், கனடாவின் முதுகலைப் பட்டத்துக்குச் சமம் என்று அதில் அச்சடித்தே இருக்கிறது. குடியேற்றத்துக்குப் புள்ளி வாங்கித் தந்த அந்தத் தாளை மடிப்பு விழாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்டர்வியூவுக்கெல்லாம் கொண்டு போயிருக்கிறான். ஒரு ஹெச்ஆர்கூட அதைக் காட்டச் சொன்னதில்லை. அங்கே கடன் கோப்பில் கையெழுத்துப் போட்டவன், இங்கே அதே மாதிரிக் கோப்பில் விவரம் விட்டுப்போயிருக்கிறதா என்று சரிபார்க்கிறான்.

நான் வேண்டாம் என்றது யோசிக்காமல் சொன்னது இல்லை. டாக்டர், நர்ஸ் மாதிரி இந்தக் கடன் பிரிவு வேலைக்கு எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் லைசென்ஸ் கிடையாது. கணக்குப் பக்கம் போவதென்றால் கணக்காளர்களுக்கான சிபிஏ, முதலீடு, ரிஸ்க் என்றால் நிதி ஆய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ என்று வேலை பார்த்துக்கொண்டே எழுதக்கூடிய தேர்வுகள் இருக்கின்றன. முழுநேர எம்பிஏ என்றால் பல பத்தாயிரம் டாலர், அது போக படிக்கும் காலம் முழுக்கச் சம்பளமும் போய்விடும். பிஆர் என்ற நிரந்தர வசிப்புரிமை இருப்பதால் மாகாண அரசின் மாணவர் நிதியுதவியான ஓசாப் கிடைக்கலாம், ஆனால் அதிலும் பெரும்பகுதி திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான். அவனுக்கு டொரன்டோவின் ஸ்கார்பரோ பக்கம் பேஸ்மென்ட் வாடகை, கைக்குழந்தை, மனைவிக்கு இன்னும் வேலை அமையவில்லை. இந்த நிலைமையில் தெரிந்த பாடத்தையே மறுபடி காசு கொடுத்துப் படி என்று எப்படிச் சொல்வது?

சரி, நான் மட்டும் ஏன் படித்தேன்? மாலை வகுப்பில் சொல்லித்தந்த நிதி நிர்வாகம் முக்கால்வாசி சென்னையிலேயே படித்ததுதான். புதிதாகக் கிடைத்தது வேறு. குரூப் வேலையில் உட்கார்ந்துதான், இங்கே மீட்டிங்கில் ஒருத்தர் சொல்வதை முகம் சுளிக்காமல் எப்படி மறுக்கிறார்கள், தான் செய்ததைக் கூச்சமில்லாமல் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று பார்த்துப் பழகினேன். கூடப் படித்த ஒருவர் என் ரெஸ்யூமேயை அவருடைய டைரக்டரிடம் நேராகக் கொடுத்தார், இந்த வேலை அப்படி வந்ததுதான். அது பட்டத்தால் வந்ததா, அந்த மனிதரால் வந்ததா? அவரால்தான் என்று நான் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் ஃபீஸ் கட்டி அந்த வகுப்பில் உட்காராமல் அவரை எங்கே பார்த்திருப்பேன்?

அவனிடம் சட்டத்தையும் சொன்னேன். கனடாவில் வேலை பார்த்த அனுபவம் இருந்தே ஆக வேண்டும் என்பது பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் பொது வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கவே கூடாது. நல்ல சட்டம், எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் விளம்பரத்தில் எழுதாததை மனசுக்குள் நினைக்காமலா இருக்கிறார்கள்? ஆள் எடுக்கும்போது நானும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு ரெஸ்யூமே சமமாக வந்தால் பெயர் தெரிந்த பல்கலைக்கழகத்தின் பக்கம் கை தானாகப் போகிறது. வாதாடியிருக்கிறேன், சில தடவை கேட்டார்கள், சில தடவை கேட்கவில்லை. இதை அறிந்துகொண்டே அவனிடம் வேண்டாம் என்றேன். அது அவன் மேல் அக்கறையா, அல்லது இப்படி இருக்கக் கூடாது என்ற என் ஆசையை அவன் தலையில் கட்டுகிறேனா?

அக்கறைதான் என்று இன்னும் நம்புகிறேன். அட்மிஷன் பணம் கட்டுவதற்கு முன்னால் மேனேஜரிடம் போய், நிரந்தர வேலைக்கு என்ன குறைகிறது என்று நேராகக் கேள், படிப்புத்தான் என்றால் கம்பெனி ஃபீஸில் பங்கு தருமா என்றும் கேள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் மழுப்பிவிட்டால் மறுபடி என்னிடம்தான் வருவான். அப்போது படி என்று சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை.