ஒரே படியில் அணைந்த புள்ளி

இன்று மாலை எங்கள் நுண்ணோக்கியின் திரையில் ஒரு புள்ளி மினுங்கிக்கொண்டே இருந்து, சட்டென்று அணைந்தது.

மெல்ல மங்கவில்லை. ஒரே படியில், முழுசாக.

அந்தப் புள்ளி ஒளிரும் சாயத்தின் ஒற்றை மூலக்கூறு என்பதற்கு அதுதான் அடையாளம். பல மூலக்கூறுகள் சேர்ந்திருந்தால் வெளிச்சம் படிப்படியாகத்தான் குறையும்.

லேசர் பட்டு ஒளிரும் சாயங்களைப் பார்க்க நாங்களே கட்டிய ஒளிர்வு நுண்ணோக்கி இது. லேசர், சில லென்ஸ்கள், ஒரு நிறத்தைத் திருப்பி இன்னொரு நிறத்தைக் கடத்தும் டைக்ரோயிக் கண்ணாடி, மாதிரிக்கு அருகில் இருக்கும் ஆப்ஜெக்டிவ் லென்ஸ் (எவ்வளவு அகலக் கோணத்தில் ஒளியைச் சேர்க்கும் என்பதைச் சொல்லும் எண்ணியல் துளை 1.49), கேமரா. பாகங்கள் கொஞ்சம்தான். சிரமமெல்லாம் பின்னணி வெளிச்சத்தை ஒழிப்பதில்தான்.

லேசர் கதிரை ஆப்ஜெக்டிவின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது மாதிரிக்குள் நுழையாமல் கண்ணாடிப் பரப்பிலேயே முழுதாகத் திரும்பிவிடும். பரப்பை ஒட்டி 100, 200 நானோமீட்டர் ஆழத்துக்கு மட்டும் ஒளி கசியும். திருகை மயிரிழை அளவு திருப்பியதும் மூட்டம் விலகி, கருப்பில் புள்ளிகள் எழுந்து வரும். அந்த நொடிக்கு ஈடே கிடையாது.

இயற்பியலாளர்கள் எரிக் பெட்ஸிக்கும் ஹரால்ட் ஹெஸ்ஸும் 2005-இல் ஒரு வீட்டு வரவேற்பறையில்தான் தங்கள் நுண்ணோக்கியைக் கட்டினார்கள். 2014 வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் பெட்ஸிக் ஒருவர்.

விலைக்கு வாங்கும் கருவி மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் கையால் கட்டியவருக்கு ஒவ்வொரு ஃபோட்டானும் எந்த வழியாக வருகிறது, எங்கே தொலைகிறது என்று தெரியும். இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் ஒருமுறையாவது கட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம், அடுத்து இரண்டாவது லேசர் சேர்க்கிறோம். இரண்டு நிறச் சாயங்கள் எவ்வளவு நெருங்குகின்றன என்று அளக்க வேண்டும்.