சைலன்சர் சத்தம் நின்றுவிட்டது
ஹட்டனிலிருந்து நானுஓயா பக்கம் ஏறும்போதெல்லாம் காருக்கு அடியில் கடகடவென்று சத்தம், கம்பெனி சைலன்சரைக் கழற்றி வெளியில் வாங்கிப் போட்டதிலிருந்தே இதுதான் கதை. கராஜில் புதுசு போடச் சொன்னார்கள். மனம் கேட்கவில்லை. நேற்று இஞ்சின் நன்றாக ஆறின பிறகு, சமதரையில் சில்லுக்குக் கல் வைத்து, ஜாக் அடித்து, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் படுத்துப் பார்த்தால், சைலன்சரைத் தாங்கிப் பிடிக்கும் தொங்கு ரப்பர் இரண்டும் வெடித்து, குழாய் தாழ்ந்து, சட்டத்தில் உரசின இடம் பளபளவென்று தெரிகிறது! சூட்டில் குழாய் நீளும், அதனால்தான் ஏற்றத்தில் தட்டியிருக்கிறது. ரப்பரை மாற்றி, குழாயை இறுக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, குழாய் எதிலும் உரசாதபடி சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டு, கிளாம்ப்பை மறுபடி முறுக்கினேன். சைலன்சரை மாற்றும் முன் ரப்பரைப் பாருங்கள், தயவுசெய்து. அப்புறம் தலவாக்கலை வரை ஓட்டினேன், பின்சீட்டில் அம்மா தூங்கிவிட்டார்.