சியன்னாவில் ஒரு சாயக்காரர் மகளின் வீடு

இத்தாலியின் சியன்னா நகர ரயில் நிலையத்திலிருந்து புனித தொமினிக் பேராலயம் வரை வந்ததற்கு டாக்சிக்காரர் ஒருவர் மீட்டரே போடாமல் 30 யூரோ கறந்துவிட்டார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. நிலையத்துக்கு எதிரே உள்ள வணிக வளாகத்திலிருந்து நகரும் படிக்கட்டுகள் மேட்டிலுள்ள பழைய நகரத்துக்குக் காசில்லாமலே ஏற்றிவிடுகின்றன. பிளாரன்சிலிருந்து வருவோர் பேருந்தில் வருவதே உத்தமம். அது பேராலயத்துக்கு அருகிலேயே இறக்கிவிடும்.

நான் இங்கு வந்தது புனித கத்தரீனுக்காக. துணிக்குச் சாயம் தோய்க்கும் ஜாக்கோமோ பெனின்காசாவின் 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஒருவராக 1347-இல் இவ்வூரில் பிறந்த இவர், 1380-இல் ரோமில் 33 வயதில் இறந்தார். உடல் ரோமிலேயே தங்கிவிட, தலை மட்டும் பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. பேராலயத்தின் பக்கப் பீடம் ஒன்றில், கம்பிக்குப் பின்னால் அதை வைத்திருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கோ முழந்தாளிட்ட இடத்திலிருந்து எழ மனம் வரவில்லை. இதே ஆலயத்தில், அவரை நேரில் அறிந்த ஆந்திரேயா வான்னி தீட்டிய சுவரோவியமும் இருக்கிறது: வெள்ளை உடை, கறுப்பு மேலாடை, கையில் லில்லி மலர், மெலிந்த முகம். அலங்காரம் குறைந்த அந்த ஓவியமே என்னை அதிகம் கவர்ந்தது.

பேராலயத்திலிருந்து சரிவில் இறங்கினால் அவருடைய வீடு. நுழைவுக் கட்டணம் இல்லை என்பது, டாக்சியில் பணத்தைப் பறிகொடுத்த எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. சமையலறையாக இருந்த இடம் இன்று தங்கப் பூச்சு மின்னும் கூரையுடைய சிற்றாலயமாகிவிட்டது. இத்தனை பொன்னும் வண்ணமும் அங்கே தேவையே இல்லை என்பது என் கருத்து. ஏனென்றால், கத்தரீனின் பக்தி பிடிபடுவதற்கு அது அடுக்களையாகவே நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். திருமணம் வேண்டாமென்று அவர் தம் கூந்தலை வெட்டிக்கொண்டபோது, வீட்டார் அவருக்கிருந்த தனியறையைப் பறித்து, வேலைக்காரியின் வேலை அனைத்தையும் அவர் தலையில் சுமத்தினார்கள். அவரோ தந்தையை இயேசுவாகவும், தாயை மரியாவாகவும், சகோதரர்களைத் திருத்தூதர்களாகவும் எண்ணிக்கொண்டு அவர்களுக்குப் பரிமாறினார் என்று அவருடைய ஆன்மகுரு கப்புவா ரைமுந்து எழுதி வைத்திருக்கிறார். வெளியறை பறிபோனதால் உள்ளத்துக்குள் ஓர் அறையைக் கட்டிக்கொண்டு, யாரும் விரட்ட முடியாத அந்த அறையிலிருந்தே அவர் செபித்தார்.

பின்னர் தந்தை மனமிரங்கிக் கொடுத்த சிற்றறையைக் கம்பி வழியாகப் பார்க்கலாம். தொமினிக்கன் துறவியரோடு இணைந்த பொதுநிலையினருக்கான மூன்றாம் சபையின் உடையைப் பெற்று, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இதற்குள்ளேயே மௌனத்திலும் நோன்பிலும் கழித்த பெண், அதன்பின் வெளியே வந்து நோயாளிகளைக் கழுவித் துடைத்தார், 1374-இல் கொள்ளைநோய் பரவியபோது ஊரை விட்டு ஓடாமல் பணிவிடை செய்தார், 1376-இல், அக்காலத்தில் திருத்தந்தையர் தங்கியிருந்த பிரான்சு நாட்டு அவிஞ்ஞோனுக்கே போய்த் திருத்தந்தை பதினோராம் கிரகோரியிடம் ரோமுக்குத் திரும்பும்படி முகத்துக்கு நேரே வற்புறுத்தினார். அடுத்த சனவரியில் திருத்தந்தை ரோமில் இருந்தார். முறையான பள்ளிப்படிப்பு இல்லாத இவர் பிறரைக் கொண்டு எழுதுவித்த கடிதங்களில் ஏறக்குறைய 380 நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1970-இல் திருச்சபை இவரை மறைவல்லுநராக, அதாவது திருச்சபைக்கே போதிக்கும் ஆசானாக, அறிவித்தது.

வீட்டுக்கு எதிரேயுள்ள ஆலயத்தில் ஒரு வண்ணச் சிலுவை இருக்கிறது. 1375-இல் பீசா நகரில் இதன் முன் செபித்துக்கொண்டிருக்கையில்தான், சிலுவையில் இயேசு பட்ட ஐந்து காயங்களை இவர் தம் உடலில் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காயங்கள் பிறர் கண்ணுக்குத் தெரியாதிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாராம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட மனமில்லை. ஃபோன்தேபிராந்தா நீரூற்றுக்கு மேலேயுள்ள தெருவில் ஒரு சிறு கடையில் பிச்சி என்னும் கையால் உருட்டிய தடித்த பாஸ்தாவை, பூண்டும் தக்காளியும் சேர்த்துச் சுடச்சுடப் பரிமாறினார்கள். 11 யூரோவுக்கு அதைவிட நல்ல உணவை இந்தப் பயணத்தில் நான் உண்ணவில்லை. சாயக்காரர்கள் நீர் எடுத்த அந்த ஊற்றையும், கூர்மையான மூன்று செங்கல் வளைவுகளின் கீழே தண்ணீர் தேங்கி நிற்பதையும் அவசியம் பாருங்கள். அதற்கும் கட்டணம் இல்லை.

மிச்சம் பிடித்த பணத்தில் ரோமுக்கு ரயில் சீட்டு எடுத்துவிட்டேன். அங்கே புனித மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்தின் தலைமைப் பீடத்துக்கு அடியில் அவருடைய உடல் வைக்கப்பட்டிருக்கிறது.