37.5 என்று காட்டியதை நம்பினேன்

தெர்மாகோல் பெட்டியில் பல்பு மாட்டி, குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் ஒன்று செய்து, முதல் தடவை பன்னிரண்டு கோழி முட்டை வைத்தேன். பொரிந்தது நாலுதான், அதுவும் 21ஆம் நாள் வர வேண்டியவை 23ஆம் நாள். நாலில் ஒன்றுக்குக் காலே நிற்கவில்லை. இத்தனைக்கும் பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் மூன்று வாரமும் 37.5 டிகிரிதான் இருந்தது. கூமுட்டையாக இருக்கும் என்று முட்டை மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

அப்புறம் தெர்மாகோல் பெட்டியைக் கழுவும்போதுதான் கண்ணில் பட்டது. தெர்மோஸ்டாட்டுக்காகச் சூட்டை அளக்கும் சென்சார் வயர் பல்புக்கு நாலு விரற்கடை தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. அது காட்டியது பல்புப் பக்கத்துச் சூட்டை. கீழே மூலையில் கிடந்த முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சந்தேகம் வந்துவிட்டதால், வெதுவெதுப்பான தண்ணீரில் சென்சார் முனையையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். சென்சார் 0.8 டிகிரி கூடக் காட்டியது. போதாதா?

இரண்டாவது தடவை சென்சாரை முட்டையின் மேல்மட்டத்துக்கு இறக்கிக் கட்டினேன், முட்டையைத் தொடாமல். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றையும் மாட்டினேன். ஃபேன் இருந்தால் 37.5 போதும். இல்லாவிட்டால் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு என்று இருக்கும்; அப்போது முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வாக்கில் வைக்க வேண்டும். முட்டை போடாமலே ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன்.

அப்படியும் முதல் வாரம் தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு 36.9 என்று பார்த்தால் உடனே தெர்மோஸ்டாட்டைத் திருகுவேன், காலையில் 38.4 இருக்கும், மறுபடி திருகுவேன். அதுதான் தப்பு. மூடியைத் திறந்தால் காற்று சட்டென்று ஆறிவிடும், ஆனால் முட்டைக்குள் அவ்வளவு சீக்கிரம் சூடு இறங்காது. ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இன்னொரு தெர்மாமீட்டரை அதில் செருகி முட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். காற்று மேலும் கீழும் ஆட, பாட்டில் 37.5ஐ விட்டுப் பெரிதாக அசையவில்லை. அன்றைக்குத்தான் நிம்மதியாகப் படுத்தேன். பயப்பட வேண்டியது விடாமல் ஏறும் சூட்டுக்குத்தான். கொஞ்ச நேரம் ஆறுவதை முட்டை தாங்கும்.

16ஆம் நாள் பல்பு அணைந்தால் மறுபடி எரியவே நேரம் எடுத்தது. பல்பை அணைத்துப் போடும் ரிலே போய்விட்டதோ என்று பதறினேன். இல்லை, உள்ளே வளர்ந்த குஞ்சுகளே சூடு விட ஆரம்பித்திருந்தன. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

18ஆம் நாள் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நிற்கும்படி இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைத்து மூடினேன். 20ஆம் நாள் ராத்திரி உள்ளேயிருந்து கீச்சுச் சத்தம். மூலையில் இருந்த முட்டையில் மிளகளவு ஓடு பெயர்ந்திருந்தது. டிஸ்ப்ளேவில் 38.1. கை பரபரத்தது. திருகவில்லை.