ஒரு மாளிகை, இரண்டு சங்கங்கள்

பிரெஞ்சு நூற்சேகரிப்பாளர் சங்கங்களின் வரலாற்றை எப்போது புரட்டினாலும், பாரிஸில் செய்ன் ஆற்றின் நடுவே சான் லூயி தீவிலுள்ள லோசன் மாளிகையில்தான் வந்து நிற்கிறேன். அதை 1842இல் விலைக்கு வாங்கிய ழெரோம் பிஷோன் என்ற பிரபு, 1820இல் தோன்றிய பிரெஞ்சு நூற்பிரியர் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர். அச்சங்கம் தன் பெயரிலுள்ள ‘பிரெஞ்சு’ என்ற சொல்லைக்கூடப் பழைய எழுத்துமுறையிலேயே வைத்துக்கொண்டது என்பதிலிருந்தே அதன் போக்கை ஊகித்துவிடலாம். தொடக்கத்தில் உறுப்பினர் இடங்கள் 24 மட்டுமே. அச்சேறாத பழைய ஏடுகளைத் தேடியெடுத்து, தங்களுக்கென மிகச் சில படிகளே அச்சிட்டுக்கொள்வது வழக்கம்.

இவ்வளவு கதவடைப்பு எனக்கு உவப்பானதில்லை. ஆனாலும் 1846இல் பிஷோன் பதிப்பித்து இச்சங்கம் வெளியிட்ட ‘லெ மெனாழியே த பாரி’ என்ற இல்லற நூலைப் படித்தபோது கோபம் தணிந்துவிட்டது. ஏறத்தாழ 1393இல், வயதில் மூத்த பாரிஸ்வாசி ஒருவர் தம் பதினைந்து வயது மனைவிக்காக எழுதியது அது. சமையல், தோட்டம், வேலையாட்களை நடத்தும் விதம் எல்லாம் அதில் உண்டு. தெள்ளுப்பூச்சித் தொல்லைக்கு அறையெங்கும் ஆல்டர் மரத்தின் இலைகளைப் பரப்பி வை, அவை அதில் சிக்கிக்கொள்ளும் என்று கணவர் சொல்லிக்கொடுக்கும் இடத்தில், அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய படுக்கையறை கண்முன் விரிகிறது.

அந்த மாளிகையின் மேல்மாடிக்கு 1843இல் 22 வயது இளைஞர் ஒருவர் குடிவந்தார். கையிருப்பைக் கரைத்துக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த அவர்தான் கவிஞர் போதலேர். அவருடைய ‘தீமையின் மலர்கள்’ 1857இல் வெளிவந்ததும் நீதிமன்றம் அபராதம் விதித்து, ஆறு கவிதைகளை நீக்க உத்தரவிட்டது.

இதற்கிடையே சேகரிப்பாளர்களின் ரசனையும் திசை மாறியது. 1874இல் தொடங்கிய ‘நூல்களின் நண்பர்கள்’ போன்ற சங்கங்கள் பழைய ஏடுகளை விட்டு, அண்மைக்கால இலக்கியத்தை ஓவியங்களோடு பதிப்பிப்பதில் இறங்கின. 1895இல் உருவான ‘நூறு நூற்பிரியர்கள்’ சங்கம், 1899இல் அதே ‘தீமையின் மலர்க’ளை, பெல்ஜிய ஓவியர் ராசன்ஃபோஸின் வண்ணச் செதுக்கோவியங்களுடன், தன் உறுப்பினர்களுக்கான ஆடம்பரப் பதிப்பாக வெளியிட்டது. கவிஞர் இறந்து அப்போது 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வீட்டைக் கொடுத்த பிஷோனும் மறைந்துவிட்டிருந்தார்.